பற்றரி மிச்சம் பிடித்த கை

என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு கொப்பியை வைத்துவிட்டு வலையைத் தூக்கியவன் நான். இருந்தாலும் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது. என் மனைவியின் அண்ணன் நல்லதம்பி மச்சான் போகிற கல்யாண வீடெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான். கடைசியாகச் சொன்னபோது என்னை அம்புலன்சில் ஏற்றிவிட்டான். அம்புலன்ஸ் வரவேயில்லை.

எனக்கு ஊர் மண்டூர். வாவியில் வீச்சு வலை வீசுவது தொழில். (வாவி என்பது புத்தகத்துக்கு, எங்கள் வாயில் அது ஆறுதான்.) ஆட்களோடு பேச எனக்கு வராது. தெரியாதவர்கள் என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

மூத்த மகள் தர்சினி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஸ்மார்ட் வோச் வாங்கி வந்தாள். நான் தனியே தோணியில் போகிறவன், நெஞ்சுத் துடிப்பை அது பார்த்துக்கொள்ளும் என்றாள். கலர் திரை. கையைத் தூக்கினால் தானாக வெளிச்சம் வரும். முதல் நாள் வலையை வீச வீச என் மணிக்கட்டில் திருவிழா நடந்தது. மீன்கள் பயந்து ஓடியிருக்கும், எனக்குக் கவலையில்லை.

கவலை மறுநாள் வந்தது. தோணித்துறையில் நேரம் பார்க்கப் போனால் திரை கறுப்பு. பக்கத்தில் நல்லதம்பி நின்றான். அவனிடமும் ஒரு ஸ்மார்ட் வோச் இருந்தது. வெளிநாட்டிலிருந்து எப்போதோ யாரோ கொண்டுவந்த பழசு. வார் அறுந்து, மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டியிருந்தான். நிறம் கிடையாது, பொத்தானை அமத்தினால்தான் நேரம் காட்டும். ஆனால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு கிழமை, ஏழு நாள் தாண்டியும் ஓடும்.

"மச்சான், உன்ட மணிக்கூடு பச்சப்புள்ள. ராவைக்கு ராவை பால் குடுக்கோணும்," என்றான்.

நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

"பாவம் புள்ள. கடைக்காரன் நல்லா ஏமாத்திப் போட்டான்," என்றான்.

என்னை எதுவும் சொல்லட்டும். என் மகளை ஒருவன் ஏமாற்றினான் என்று துறையில் நின்று சொல்வதா? வாழ்நாளில் முதல் தடவையாக நான் சவால் விட்டேன். இரண்டையும் அவன் வீட்டில் நிறைய சார்ஜ் போடுவது. பிறகு கையிலிருந்து கழற்றவே கூடாது. எது முதலில் அணைகிறதோ அது தோற்றது.

மகளுக்குப் போன் எடுத்து, "கைய அசைச்சாச் சார்ஜ் போகுமா மனே?" என்று கேட்டேன். (மகளும் எங்கள் வாயில் மனேதான்.) கடையில் ஆட்கள் நின்றிருப்பார்கள். "ஓம்ப்பா, வெளிச்சம் வரவரக் குறையும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு அது போதும். அன்றிலிருந்து இடக்கையை நான் தூக்கவில்லை. நேராகத் தொங்கவிட்டேன். வலை வீச இரண்டு கையும் வேண்டும், ஆகவே ஆறு சரியில்லை என்று வீட்டில் நின்றேன். ஒற்றைக் கையால் குளித்தேன். ஒற்றைக் கையால் சாரன் கட்டினேன். (ஒரு தடவை அவிழ்ந்தது. அதை மச்சான் அறியான்.) வோச் நடையை எண்ணுகிறது, எண்ணுவதற்கும் சார்ஜ் செலவாகும் என்று கணக்குப் போட்டு நடையைக் குறைத்தேன். நெஞ்சுத் துடிப்பையும் எண்ணுகிறதே என்று மனைவியோடு சண்டை போடுவதையே நிறுத்தினேன். "இந்த மனிசனுக்கு என்னவோ ஆகிட்டு," என்று அவள் பயந்துபோய்க் கோயிலுக்கு நேர்ந்து வைத்தாள். கைக்குச் சுளுக்கு என்றும் அவளிடம் சொல்லியிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் கிரானிலிருந்து தர்சினியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும். நல்ல வயல்காரக் குடும்பம். எங்களுக்கும் பிடித்த சம்பந்தம், மகளுக்கும் மனம் இருந்தது. பெண்ணின் தாய்மாமன் என்ற முறையில் நல்லதம்பி வெள்ளை வேட்டியோடு எனக்கு நேரே கதிரையில் இருந்தான். அவன் கண் என் மணிக்கட்டில்தான். என் வோச்சில் சார்ஜ் அடிமட்டத்தில் கிடந்தது. இப்போது கையைத் தூக்கினால் அவன் வென்றுவிடுவான்.

மனைவி வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். கால் வைத்த பித்தளைத் தட்டு, பாரம். எங்கள் பக்கத்தில் சம்பந்தக்காரருக்கு அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பதுதான் மரியாதை. நான் வலக்கையால் மட்டும் நீட்டினேன். இடக்கை வேலிக்கம்பு மாதிரி தொங்கியது. வட்டா ஆடியது. வெற்றிலை பாயில், பாக்கு கதிரைக்குக் கீழே, சுண்ணாம்பு முழுக்க மாப்பிள்ளையின் மாமனுடைய வேட்டியில்.

மாப்பிள்ளையின் தாய் என் கையையே பார்த்தார்.

"அண்ணன், அந்தக் கை வழங்காதா?"

நான் தலையாட்டினேன்.

"பாரிசவாதமா?" என்றார் மாமன், சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே.

தலையாட்டினேன்.

"பரம்பரையா வாறதோ?"

அதற்கும் ஆட்டினேன். (வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைதான் முந்திக்கொண்டது.)

மாமனும் தாயும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அப்ப நாங்க வாறம். நாள் பாத்து மறுகாச் சொல்லி அனுப்புறம்," என்று மாமன் எழும்பினார். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. மனைவியின் முகம் வெளுத்தது. என் மகளின் வாழ்வை என் கையாலேயே, அதுவும் அசையாத கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரைச்சேலை விலகியது. கூப்பிடுமுன் வரக்கூடாத பெண் வெளியே வந்து நின்றாள். மச்சான் ஊரெல்லாம் சொன்னதையும் நான் போனில் கேட்டதையும் உள்ளே நின்று கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அப்பாக்கு ஒரு வருத்தமும் இல்ல. மாமாவோட போட்டி. வோச்சுக்குப் பற்றரி மிச்சம் பிடிக்கிறார்," என்றாள். நேரே வந்து என் இடக்கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். திரை பளிச்சென்று எரிந்தது.

"பாருங்க, நெஞ்சு அடிக்கிற அடிய. இந்த வெளிச்சத்த நிப்பாட்ட உள்ளுக்கு ஒரு பொத்தான் இரிக்குப்பா! கேட்டாச் சொல்லியிருப்பனே!"

அவள் சொல்லி முடிக்கத் திரை அணைந்தது.

"செத்துட்டு!" என்று நல்லதம்பி துள்ளி எழும்பினான். "செத்துட்டுகா! நான் வெண்டுட்டன்!"

நல்ல காரியம் பேசுகிற வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மனைவி பார்த்த பார்வையில் அவன் அப்படியே கதிரையில் இருந்தான்.

மாப்பிள்ளையின் தாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டார்: "ஏனண்ணன், ஒரு மணிக்கூட்டுக்கா இந்தப் பாடு?"

இதற்குத் தலையாட்ட முடியாது. எப்படியோ வாய் திறந்தது.

"அது என்ட மகள் உழைச்சு வாங்கித் தந்தது. அதக் குறைவெண்டு ஆரும் சொல்லக் கூடா."

அந்த அம்மா குனிந்து பாயில் கிடந்த ஒரு வெற்றிலையை எடுத்து, முந்தானையில் துடைத்து, மாப்பிள்ளையின் மாமனுடைய வேட்டியிலிருந்தே சுண்ணாம்பைத் தொட்டுத் தடவி வாயில் போட்டார். பெண் வீட்டு வெற்றிலையைப் போட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். வெற்றிலை புரைக்கேறும் வரை சிரித்தார்.

பழசு வென்றது, புதுசு தோற்றது. அதை ஒப்புக்கொள்கிறேன். நல்லதம்பியின் வோச் அதற்குப் பிறகும் நாள்கணக்கில் ஓடியதாம். ஓடட்டும். அது ஓடிக்கொண்டே இருந்தது. என்னுடையது எனக்கொரு மருமகனைக் கொண்டுவந்தது.

இப்போது கிரானுக்கு நாங்கள் போனால் சம்பந்தியம்மா வட்டாவை உடனே தரமாட்டார். "அண்ணன், முதல்ல ரெண்டு கையையும் காட்டுங்க," என்பார். வீடே சிரிக்கும். மருமகன்தான் அதிகம் சிரிப்பார். நான் இரண்டையும் நீட்டுவேன். இடக்கையை மட்டும் தேவைக்கு மேலே கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பேன், வெளிச்சம் எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

எழுதி முடித்தது: ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.