மகாராஜா அண்ணனுக்கு, எட்டு நாள் இருக்கும்போதே

தென்காசி,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மகாராஜா அண்ணனுக்கு,

உங்களைவிட இருபது நாள் இளையவளான, உங்கள் சித்தப்பா மகள் இசக்கிச்செல்வியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது, பெரியப்பாவின் பெருமை குறையவில்லை. கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் ஐதராபாத்திலிருந்து நீங்கள் கூப்பிட்டால் போன் பெரியப்பா கையில், ஸ்பீக்கரில், தெருவுக்கே கேட்கும்படி இருக்கிறது. என் முறை வருவதற்குள் "சரி, அவனுக்கு டூட்டி இருக்கும்" என்று வைத்துவிடுகிறார்.

எனக்கு உங்கள்மேல் பொறாமை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தாலுகா ஆபீஸில் கொடுத்த முதல் பட்டதாரி சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். கருப்பு அங்கி போட்ட என் பட்டமளிப்புப் படம் ஹாலில் ஒரு வருஷமும் நான்கு மாதமும் இருந்தது. தோளில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையோடு நீங்கள் படம் அனுப்பினீர்கள், பெரியப்பா என் படத்தைக் கழற்றி அடுப்படியில் மிக்சிக்கு மேலே மாட்டினார். "அங்கன நல்ல வெளிச்சமா இருக்குல்லா" என்றார். இப்போது என் கன்னத்தில் தாளித்த கடுகு ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு வருமானச் சான்றிதழ் கேட்டு வந்த சங்கரம்மாள் அத்தை, "ஏட்டி, பிளேன் ஓட்டுதானே, அவன் தங்கச்சியா நீ? நீ என்ன ஓட்டுதே?" என்று கேட்டாள். பிரிண்டர் ஓட்டுகிறேன் என்று சொல்ல நினைத்து, ரசீதை நீட்டினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் நீங்கள் லீவில் வந்தபோது எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்து முடித்ததும் நீங்களும் பிச்சைமணி மாமாவும் குளிருக்கு என்று சொல்லி எங்கேயோ போய்விட்டு, கண் சிவந்து வந்தீர்கள். திரும்பும்போது நீங்கள்தான் காரை ஓட்டினீர்கள். வழியில் ஒரு எஸ்.ஐ. அம்மா மறித்து ஊதச் சொன்னார். மெஷின் கத்தியது. நீங்கள் பேசாமல் நின்றீர்கள், பெரியப்பா நின்றாரா? "அம்மா, இவன் யாருன்னு நெனச்சிய? ஆகாசத்துல இருநூறு பேரக் கொண்டுபோறவன். இந்தக் காரு இவனுக்கு எம்மாத்திரம்?" அந்த அம்மா பேனாவைத் திறந்தபடி, "அப்படியா அண்ணாச்சி, நல்லவேளை சொன்னீங்க" என்று, தொழில் என்ற இடத்தில் விமானி என்று எழுதிக்கொண்டார். பின்சீட்டில் ஈரத் துண்டோடு இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் மன்னியுங்கள்.

கோர்ட்டில் அபராதம் கட்டியதோடு முடிந்தது என்று வீட்டில் நினைத்தார்கள். நீங்கள்தான் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னீர்கள், குடித்து வண்டி ஓட்டித் தண்டனை வாங்கினால் அறுபது நாளுக்குள் நாமே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று. பெரியப்பா சோறு பிசைவதை நிறுத்திவிட்டார். "நம்ம வாயால நாமளே போய்ச் சொல்லணுமா? எவம்லே இப்படி விதி போட்டான்?" வழி கண்டுபிடித்தது பெரியம்மாதான். மறுநாளே உங்களை முப்பிடாதி அம்மன் கோவிலுக்கு இழுத்துப்போய், நடந்ததை அம்மன் முன்னால் ஒன்றுவிடாமல் சொல்ல வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவும் வைத்தார். பெரியப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "அம்மன்கிட்டயே சொல்லியாச்சு. அதுக்கு மேல எந்த ஆபீசுலே இருக்கு?" நீங்களும் தலையை ஆட்டிவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள்.

கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்து இன்று ஐம்பத்திரண்டாவது நாள். போன வாரம் பெரியப்பா ஸ்பீக்கரில் கேட்டபோது, "விடுங்கப்பா, யாருக்குத் தெரியப்போகுது" என்றீர்கள். தெரிந்துவிடும் அண்ணா. தினமும் நாற்பது விண்ணப்பம் நிரப்புகிறவள் சொல்கிறேன். விமானிகளுக்கான அடுத்த மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில், தண்டனை ஏதும் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும், ஆம் அல்லது இல்லை என்று. இல்லை என்று டிக் போட்டால் பொய். ஆம் என்று போட்டால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பார்கள். இப்போது எழுதினால் விசாரிப்பார்கள், கொஞ்ச நாள் பறக்க விடாமல் வைத்தாலும் வைப்பார்கள். மறைத்தால் அந்த வெள்ளைச் சட்டையே போய்விடும்.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பீர்கள். மனசு வரவில்லை. அறுபது நாள் தாண்டட்டும், ஹாலில் ஆணி காலியாகும் என்று இருந்தேன். அடுப்படிப் படத்தை இரண்டு தடவை ஈரத் துணியால் துடைத்தும் வைத்தேன். நேற்று விண்ணப்பம் நிரப்ப மையத்துக்கு வந்த ஒருவர், "பழைய கேசைப் போடாம விட்டுரு பாப்பா, ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார். "இப்ப மறைச்சா பின்னாடி மொத்தமா மாட்டிக்கிடுவிய அண்ணாச்சி" என்று, வாயே திறக்காத நான், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுவிட்டேன். பெயர் தெரியாத ஆளுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லவில்லை.

அதனால் உங்கள் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயார் செய்து இதோடு வைத்திருக்கிறேன். தேதி, வழக்கு எண், ரசீது நகல் எல்லாம் இருக்கிறது. கையெழுத்தைப் போட்டு, கிடைத்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கேட்டால் நீங்களே எழுதியதாகச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. முப்பிடாதி அம்மன் உங்களுக்குத் தைரியத்தையும், கம்பெனிக்காரர்களுக்கு இரக்கத்தையும் கொடுக்கட்டும்.

பணிவுள்ள தங்கை,
இசக்கிச்செல்வி, பி.காம்.

பி.கு.: பொறாமை இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றதையும். கடிதத்தைக் கொடுத்த பிறகு வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எழுதிக் கொடுத்தது செல்வி என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்படியே என் படத்தை ஹாலுக்குக் கொண்டுவரும்படி பெரியப்பாவிடம் சொல்லுங்கள். உங்கள் படத்தைக் கழற்ற வேண்டாம். பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன்.