பயில்வானின் சிவப்புப் பொட்டு

பெட்டி காலி. மூடி ஒரு பக்கம் கிடந்தது, பாதி கடித்த புல் இன்னொரு பக்கம் கிடந்தது, பயில்வானை மட்டும் காணோம்.

பயில்வான் ஒரு வெட்டுக்கிளி. அடையாளத்துக்கு முதுகில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. பதினான்கு மாதமாக வாரம் தவறாமல் ஒரு சின்ன உலோகத் தட்டிலிருந்து அது குதிக்கும். எவ்வளவு விசையோடு எம்பியது என்று கணினி குறித்துக்கொள்ளும். அந்தக் கணக்கை வைத்துத்தான் பொறியாளர் ஒரு முழங்கால் பட்டை செய்துகொண்டிருந்தார். வெட்டுக்கிளியின் முழங்காலில் வில் மாதிரி ஒன்று வளைந்து, சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் ஒரேயடியாக விட்டுவிடுகிறது. அதே மாதிரி ஒரு வில்லை மனுஷ முழங்காலுக்கு வெளியே கட்டினால் என்ன?

மனுஷ முழங்கால் என்றால் வேறு யாருடையதோ இல்லை. நீளம் தாண்டும் போட்டியில் மூட்டு ஜவ்வு கிழிந்து, இரண்டு வருஷமாக மாடிப்படியைப் பார்த்தாலே பெருமூச்சு விடும் அவர் மனைவியுடையது.

பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் வேலை நடக்கும். பிடிக்காவிட்டால் பட்டை பாதியில் நிற்கும், இந்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவிடுவார்கள்.

"அக்கா! பயில்வானைப் பாத்தீங்களா?"

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள். "சார்... அது வந்து... ஒரு விஷயம்..."

"மூடியை நான்தான் சரியாப் போடல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!" என்று பதிலையும் தானே சொல்லிவிட்டு அவர் மேஜைக்கடியில் புகுந்தார். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மேஜைக்கடியில் கிடைத்தது தலையில் ஒரு புடைப்பு மட்டும்தான். சரி, வேறு ஒன்றைப் பிடித்துப் பொட்டு வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று பின்பக்கப் புல்வெளிக்கு ஓடினார். இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. அரைமணி நேரம் தவழ்ந்ததில் இரண்டு முழங்காலிலும் சேறு அப்பிக்கொண்டதே தவிர, ஒரு பூச்சியும் அகப்படவில்லை.

"பின்னாடியிருந்து போனா ஏமாத்திடும் சார். தள்ளுங்க." அக்கா வந்தாள். பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்து ஒரே அமுக்கு. உள்ளே கொழுத்த வெட்டுக்கிளி ஒன்று திருதிருவென்று முழித்தது.

"அடேயப்பா! எங்க கத்துக்கிட்டீங்க?"

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்..."

"அப்புறம் அக்கா, அப்புறம்!"

இழுப்பறையில் இருந்த சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்தார். சொட்டுக்கூட இல்லை. ஒரு பூச்சிக்கு ஒரு பொட்டு வைத்த பாட்டில் எப்படித் தீரும்? காய்ந்து போயிருக்கும் என்று மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் நகப்பூச்சு உடனே வேணும்!"

"பூச்சிக்கா, உங்களுக்கா?"

கேலி செய்தாலும் அரைமணியில் வந்துவிட்டாள், மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று. ஆனால் கொண்டுவந்தது ரோஸ்.

"சிவப்பு இல்லியா?"

"இதான் இருக்கு. தள்ளி நின்னு பாத்தா தெரியாதுங்க."

"கிட்ட வந்து பாக்கத்தானே வர்றாங்க!"

"அப்ப விளக்கை அணைச்சுடுங்க."

பூச்சி பொட்டு வைக்க விடுவேனா என்று துள்ளியது. குளிர வைத்தால் சற்று மயங்கிக் கிடக்கும் என்பது பொறியாளருக்குத் தெரியும். ஐந்தே நிமிஷம் என்று ஃபிரிட்ஜில் வைத்தார். அதற்குள் மனைவியின் பட்டையில் ஒரு திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். முடுக்கினார், "குனி, நிமிரு, வலிக்குதா?" என்றார், மறுபடி முடுக்கினார். ஞாபகம் வந்தபோது இருபது நிமிஷம் ஓடியிருந்தது. வெட்டுக்கிளி பொம்மை மாதிரி விறைத்துக் கிடந்தது.

"கொன்னுட்டேனே!"

"ஆனது ஆச்சு, பொட்டையாவது வைங்க," என்றாள் மனைவி.

பொட்டு வைத்து மேஜை விளக்குக்கு நேர் கீழே கிடத்தினார். ஒரு கால் ஆடியது, மீசை ஆடியது. "பொழைச்சுக்கிச்சு!" என்று இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதூகலித்த நேரத்தில் கதவு திறந்தது. குழு கால்மணி முன்னதாகவே வந்துவிட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர்தான். இயற்பியல் பேராசிரியை ஒருவர். அலமாரி அகலத்துக்கு ஒரு விளையாட்டுப் பயிற்சியாளர். மூன்றாமவரான பூச்சி நிபுணர் வரவில்லை. ஏதோ பூச்சி கடித்துக் காய்ச்சலாம்.

"இதுதான் அந்தப் பயில்வானா?" என்று பயிற்சியாளர் குனிந்தார்.

விளக்குச் சூட்டில் வேண்டிய மட்டும் காய்ந்திருந்த வெட்டுக்கிளி ஒரே தாவலில் அவர் சட்டைக் காலருக்குள் போய்விட்டது.

"ஐயோ அம்மா!" நின்ற இடத்திலிருந்தே நாற்காலி மேல் ஏறிவிட்டார் மனிதர்.

"நீங்க எம்பினது ரொம்ப சுத்தமா இருக்கு சார்," என்றாள் மனைவி மனசாரவே.

அக்கா குவளையோடு வந்து ஒரே அமுக்கில் பூச்சியை மீட்டுத் தட்டின் மேல் வைத்தாள். வெட்டுக்கிளி குதித்தது. திரையில் புதுப் புள்ளி ஒன்று விழுந்து, பதினான்கு மாதக் கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. நாற்காலி மேலிருந்தே பயிற்சியாளர் கைதட்டினார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரமாதம். ஆனா எல்லாமே ஒரே பூச்சியோட கணக்கு. இது ஒண்ணு மட்டும் பிறவியிலேயே பலசாலியா இருந்தா? வேற வேற பூச்சி, ஒரு பத்தாவது, இதே மாதிரி குதிச்சிருந்தா இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுவேன். மன்னிக்கணும்."

பொறியாளர் மனைவியைப் பார்த்தார். "பரவால்லீங்க," என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இதற்கு மேல் என்ன ஒளிவுமறைவு என்று தோன்றிவிட்டது.

"மேடம், ஒண்ணு சொல்லிடறேன். இது பயில்வானே இல்ல. பயில்வான் தொலைஞ்சு போச்சு. இது காலைல புல்லுல பிடிச்சது. பொட்டு கூட சிவப்பு இல்ல, பாருங்க, ரோஸ்."

பேராசிரியை பூச்சியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "வேற பூச்சியா? ஆனா அதே விசை! அப்ப ரெண்டு ஆச்சு. ரெண்டு போதாதே."

கதவோரம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சார், காலைலேருந்து ஒரு விஷயம்..."

"அப்புறம் அக்கா."

"சொல்லட்டும் விடுங்க," என்றார் பேராசிரியை.

அக்கா கதவுக்குப் பின்னால் தொங்கிய போன வருஷ, இந்த வருஷக் காலண்டர்களைக் கழற்றி எடுத்து வந்தாள். அங்கங்கே சில தேதிகளில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தது. அக்கா லீவு எடுத்த நாட்கள் என்றுதான் பொறியாளர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"தெனம் காலைல வந்ததும் அதுக்கு வணக்கம் சொல்வீங்க சார். செத்துப்போச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஒவ்வொரு தடவையும் வேற ஒண்ணு பிடிச்சுப் பொட்டு வெச்சு, அந்தத் தேதியிலயும் ஒரு பொட்டு வெச்சேன். நேத்து ஞாயித்துக்கிழமை போனதுக்குத்தான் மழையில மாத்து கிடைக்கல." அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னிக்குக் குதிச்சது பதிமூணாவது பயில்வான் சார்."