அமுக்கராப் பொடியும் இண்டூர் களியும்

உடம்பு தேற மருந்து சாப்பிடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சொன்ன அளவு சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. அளவைக் கூட்டினால் ஒரு மாதப் பலனை ஒரு வாரத்தில் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அளவு எவ்வளவு முக்கியம் என்று தினமும் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவன். வீட்டுக்கு வந்தால் இரண்டாவது வகை.

எனக்கு முப்பது தாண்டியும் பெண் அமையாத காலம் அது. மாரண்டஹள்ளியில் எங்களுக்குக் கொஞ்சம் தக்காளித் தோட்டம் உண்டு. தோட்டம் இருக்கிறது என்றால் விவசாயிக்குத் தரமாட்டோம் என்றார்கள். ஓசூரில் வேலை என்றால் தோட்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். அம்மாவோ, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடமே முகம் கொடுத்துப் பேசாத கட்டத்துக்கு வந்திருந்தாள். அப்போதுதான் இண்டூரிலிருந்து மஞ்சுளாவின் ஜாதகம் வந்தது. வந்ததோடு நிற்காமல் பொருந்தவும் செய்தது.

தரகர் மட்டும் ஒரு குறை சொன்னார். "போட்டோ பாத்தாங்க. எல்லாஞ் சரிங்க. பையன் இன்னுங் கொஞ்சம் ஒடம்பு போட்டா தேவலைன்னாங்க."

அடுத்த நாளே பாலக்கோட்டு நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்குப் பொடி வாங்கினேன். டப்பாவில் பலன்களை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். உடல் பெருக்கும், நரம்பு வலுக்கும், நல்ல தூக்கம் வரும், கவலை தீரும், முடி கொட்டாது. கடைசியில் ஒரு பலனைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். (அதை நான் பெரிய எழுத்தில்தான் படித்தேன்.) அரை ஸ்பூன் பாலில் கலக்க வேண்டுமாம். நான் குழம்புக் கரண்டியால் அள்ளினேன். குதிரை லாயத்தை இடித்துச் சலித்தது போல ஒரு வாசம். கசப்பை நெய் ஊற்றிச் சமாளித்தேன். உடம்பு பெருக்கவில்லை. தூக்கம் மட்டும் டப்பாவில் போட்டதற்கு மேலேயே வந்தது.

பெண் பார்க்கப் போகும் நாள் காலையில், முகத்தில் ஒரு பொலிவு வரட்டும் என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே கலக்கிக் குடித்துவிட்டு வண்டி ஏறினேன். வாடகை வண்டி. அதில் நான், அம்மா, பெரிய மாமா, தரகர், அப்புறம் டிரைவர். புதுச் சட்டை கசங்கக் கூடாது என்று அதைக் கழற்றி உள்ளே கொக்கியில் மாட்டிவிட்டு, பழைய டி-சர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். மாமா வழி நெடுக ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"காப்பி குடிக்கலாம், கேசரி திங்கலாம். சோத்துல மட்டும் கைய நனைச்சுராத. நனைச்சா சம்பந்தம் முடிஞ்ச மாதிரி. அவங்க வூடு வாசலு, தோட்டம் தொரவு எல்லாம் பாத்துட்டு நாஞ் சொல்றேன், அப்பறம் நனைக்கலாம்."

எங்கள் பக்கத்தில் இது மீற முடியாத வழக்கம். பலகாரம் கணக்கில் வராது. சோறோ களியோ, குழம்பில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

இண்டூரை அடைந்தபோது ராகு காலம் முடிந்திருக்கவில்லை. ஊர் ஓரத்தில் ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, நேரம் போக எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார்கள். டிரைவரும் டீக்கடை தேடிக் கூடவே போனார். எனக்குக் கண் செருகியது. நன்றாகச் சாய்க்க முடிந்தது டிரைவர் சீட் ஒன்றுதான். அதில் ஏறிச் சாய்த்துக்கொண்டு படுத்தேன்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பார்த்தால் ஒரு அம்மாள், முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கிறார்.

"டிரைவருங்களா? இந்த வெயில்ல ஏன் கெடக்கறீங்க? வாங்க, ஒரு வாய் சாப்புட்டு வந்து படுங்க."

நான் டிரைவர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முதலில் நான் யார் என்று எனக்கு ஞாபகம் வர வேண்டுமே. பசி வேறு. பின்னாலேயே போனேன். புளிய மரத்துக்கு அடுத்த வீட்டின் கொல்லைப் பக்கம் உட்கார வைத்து, ஒரு தட்டில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார். குழம்பு அருமை. முதல் உருண்டை போனதே தெரியவில்லை. இரண்டாவதில் பாதி போயிருக்கும்போது அவர் எதிரில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணுக்கு நான் சித்திங்க. மாப்பளகூடவே வர்றீங்க, உங்களுக்குத் தெரியும். ஆளு எப்படிங்க?"

அந்த இடத்தில் எனக்கு முழுத் தூக்கமும் தெளிந்தது. நான் உட்கார்ந்திருந்தது பெண் வீட்டுக் கொல்லையில். கை மணிக்கட்டு வரை குழம்பில் இருந்தது. நான்தான் மாப்பிள்ளை என்று சொன்னால் மாமா என்னைத் தோலுரிப்பார். சொல்லாவிட்டால், என்னைப் பற்றி நானே ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒரு வாய்ப்பு எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்? அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று பாருங்கள்.

"நல்ல பையன்தாங்க."

"கோவக்காரனா?"

"பசி வந்தா கொஞ்சம்."

"குடிப்பழக்கம்?"

"இல்லீங்க. பிரெண்டு கல்யாணத்துல ஒருக்கா குடிச்சான். மேடையிலயே வாந்தி எடுத்துட்டான்."

"வேலை பர்மனென்டுதானுங்களே?"

"கான்ட்ராக்டுங்க. தரகர் பர்மனென்டுன்னு சொல்லியிருப்பாரு."

என் வாயிலிருந்து வருவதை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை பேச வைக்கும் என்று மட்டும் டப்பாவில் போட்டிருக்கவில்லை.

"ஆளு ரொம்ப ஒல்லியாமே?"

"மருந்து சாப்பிடறானுங்க" என்றேன், நிலைமையைச் சரிசெய்கிற நினைப்பில். "நரம்புக்கு நல்லது. தூக்கம் வரும். மனக்கவலை போகும். அப்புறம்..." டப்பாவின் கடைசி வரி ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்தினேன். சொல்லியிருந்தால்கூட அவ்வளவு மோசமாகப் போயிருக்காது. சித்தியின் முகம் மாறியது. எழுந்து உள்ளே ஓடினார்.

"அக்கா, மாப்பளைக்கு நரம்புத் தளர்ச்சியாம். மனசு வேற சரியில்லையாம். டிரைவரே சொல்றாரு."

அதே நேரம், ராகு காலம் முடிந்து, பெண்ணின் அப்பா என் ஆட்களை முன்வாசல் வழியாக உள்ளே அழைத்து வந்துகொண்டிருந்தார். வண்டியில் என்னைக் காணாமல் தேடி வந்த மாமா, கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"நனைச்சுட்டான்" என்றார். ஒரு சாவுச் செய்தியை அந்தக் குரலில்தான் சொல்வார்கள்.

சித்திக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நடந்ததைச் சுமுகமான பேச்சு வார்த்தை என்று சொல்ல முடியாது. டிரைவர் என்று நினைத்துப் போட்ட களி கணக்கில் வராது என்றது ஒரு கட்சி. யார் என்று நினைத்துப் போட்டால் என்ன, தின்ற வாய் மாப்பிள்ளையின் வாய் என்றது இன்னொரு கட்சி. பெண்ணின் அப்பா, "பர்மனென்டுன்னீங்களே" என்று தரகரைப் பிடித்துக்கொண்டார். தரகர் செருப்பைத் தேடினார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த இடமும் போயிற்று என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கையைக் கழுவலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

சமையல்கட்டு வாசலிலிருந்து மஞ்சுளா பேசினாள். போட்டோவில் பார்த்ததைவிட உயரம்.

"அப்பா, அவரு தட்டு முன்னால உக்காந்ததுமே நான் பாத்துட்டேன். போட்டோல இருக்கறவருதான்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றார் சித்தி, உயிர் போகிற குரலில்.

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க கேள்வி கேக்க ஆரம்பிச்சீங்க. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுங்கூட, தன்னப் பத்தி உருப்படியா ஒரு பொய் சொல்ல வரல அவருக்கு." அப்பாவைப் பார்த்தாள். "எனக்குச் சம்மதம். அந்தப் பொடிய மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்திவிட்டேன். மிச்சப் பொடியை அம்மா குப்பையில் கொட்டினாள். (உடம்பு பிறகு மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் தானாகப் பெருத்தது. அதை எந்த டப்பாவிலும் அடைக்க முடியாது.)

ஆனால் அன்றோடு என் வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பு போய்விட்டது. நான் எதைச் சொன்னாலும் மஞ்சுளா நம்ப மாட்டாள். "டிரைவரக் கேட்டுக்கறேன்" என்பாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் அதைக் கற்றுக்கொண்டாள். போன மாதம் மருத்துவப் பரிசோதனை முடிந்து வந்து, எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டிரைவரே, அப்பாவுக்கு சுகர் எப்படிங்க?" என்றாள் மகள்.

தட்டின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் ஜாஸ்திதாங்க" என்றேன்.

மஞ்சுளா எழுந்து வந்து, என் தட்டிலிருந்த மைசூர்பாகை எடுத்துக்கொண்டு போனாள்.