தலைவர் வீட்டு மரக்கிளை

அன்புள்ள மைத்துனனும் நம் நகர மன்றத்தின் மாண்புமிகு உறுப்பினருமான உனக்கு,

உன் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் இந்த நிமிடம் வரை நலம். அடுத்த நிமிடத்தைப் பற்றி உறுதி சொல்ல முடியாத நிலையில்தான் இதை எழுதுகிறேன். அங்கே நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அத்தான்" என்று கிசுகிசுக்கிறாய், பின்னால் தட்டும் கரண்டியும் உரசும் சத்தம் கேட்கிறது. ஆகவே கடிதம். மருந்துக்கடைக்காரர் நாளைக் காலை உன் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 'மரம் பேணும் நகரம்' என்ற அங்கீகாரத் திட்டத்தில் நம் நகரம் சேரலாமா, வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை மன்றத்தில் ஓட்டெடுப்பு. சேரலாம் என்பவர்கள் பாதி, வேண்டாம் என்பவர்கள் பாதி, நடுவில் நீ. சேரச் சொல்லி நீ கை தூக்காவிட்டால் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று போன மாதம் உனக்கு எழுதியிருந்தேன். அதை மறந்துவிடு. வெள்ளிக்கிழமை நீ கையைத் தூக்கவே கூடாது. சுளுக்கு என்று சொல், தைலம் தடவிக்கொண்டு போ, எதையாவது செய். ஏன் என்பதைப் பொறுமையாக விளக்குகிறேன்.

திட்டத்தில் சேரும் நகரத்துக்கு ஒரு மரக்குழு வேண்டும், மரங்களுக்கென்று ஒரு விதி வேண்டும், ஆண்டுக்கொரு மரம் நடுவிழா வேண்டும். ஓய்வுபெற்றவர், பொழுதுபோகாதவர், பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர் என்ற மூன்று தகுதியும் ஒரே ஆளிடம் இருந்ததால் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். பல் டாக்டர் செயலாளர். விதியை நானே உட்கார்ந்து எழுதினேன். மணிக்கட்டை விடப் பருமனான எந்தக் கிளையையும் வெட்டக் கூடாது, வெட்டியே ஆக வேண்டுமானால் குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும், மரத்தில் ஒரு மாதம் அறிவிப்பு தொங்க வேண்டும், பிறகு குழுவில் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. 'தலைவரே கேட்டாலும் கிடையாது' என்ற வரியைக் கைதட்டலுக்காகச் சேர்த்தேன். கைதட்டினார்கள். என் தொல்லை தாங்காமல் அந்த விதியைத்தான் நீ மன்றத்தில் முன்வைத்திருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களைக் கூட்டி இதை விளக்கினேன். மரம் நமக்கு என்னவெல்லாம் தருகிறது என்று பதினைந்து எடுத்துக்காட்டு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முடிக்கும்போது, "வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு கிளையைக்கூட யாராலும் தொட முடியாது" என்று சொல்லி உட்கார்ந்தேன். பதினைந்து எடுத்துக்காட்டையும் மறந்துவிட்டு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். மறுநாள் விடிந்தால் தெரு முழுக்க ரம்பச் சத்தம். வகுப்பில் எவனும் ஜன்னல் பக்கம் திரும்பாதே என்று சொன்ன மறுகணம் மொத்த வகுப்பும் ஜன்னலைப் பார்க்கும் இல்லையா, அதுபோல. வெட்ட வேண்டும் என்று இதுவரை கனவிலும் நினைக்காதவர்கள்கூட, அப்புறம் முடியாதே என்று இப்போதே வெட்டுகிறார்கள். எதிர் வீட்டுக்காரரைக் கேட்டேன், "ஏன் சார், இந்தக் கிளை உங்களை என்ன செஞ்சுது?" "ஒண்ணும் செய்யல சார். நாளைக்கு ஏதாச்சும் செஞ்சா உங்ககிட்டதானே வந்து நிக்கணும். அதுக்குத்தான்" என்றார். நான் மரம் வளர்க்கப் போட்ட விதியால் மூன்றே நாளில் தெருவுக்கு மொட்டை போட்டாகிவிட்டது. இதுவரை வெட்டுப்படாமல் நிற்பது நம் வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றுதான்.

கஷ்டமும் அங்கேதான். அந்த மரத்தின் பெரிய கிளை நம் மாடி அறையின் தகரக் கூரைக்கு நேர் மேலே நீண்டிருப்பது உனக்குத் தெரியும். திங்கட்கிழமைக் காற்றில் அதன் அடியில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டுவிட்டது. அந்த அறைக்குத்தான் உன் அக்கா மகள் வியாழக்கிழமை கைக்குழந்தையோடு வருகிறாள். மருமகனுக்கு வெளியூரில் வேலை, இருந்த வீட்டையும் காலி செய்துவிட்டார்கள், தள்ளிப்போட வழியில்லை. விரிசலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. நேற்று போனில், "அப்பா, குழந்தைக்குக் கட்டில் ஜன்னலோரமா போட்டுடுங்க. அந்தப் பெரிய கிளையப் பாத்துக்கிட்டே தூங்கட்டும்" என்கிறாள். சரி என்று போனை வைத்துவிட்டு மறுபடி மாடிக்கு ஓடி விரிசலைப் பார்த்தேன்.

மரம் ஏறுகிற உச்சாணியிடம் ஓடினேன். அவன் ஒரு மரத்தின் மேலிருந்தபடியே பேசினான். "நீங்க கூட்டத்துல பேசினதுலேர்ந்து எனக்கு மூச்சு விட நேரமில்ல சார். எல்லாம் உங்க புண்ணியம். சனிக்கிழமை வரேன்."

"வெள்ளிக்கிழமை விதி வந்துடும்பா. சனிக்கிழமை எப்படி வெட்டுவ?"

"அப்ப குழுவுக்கு விண்ணப்பம் போடுங்க. தலைவர் நல்ல மனுஷன்னு பேசிக்கிறாங்க."

ஊரில் மரம் ஏறத் தெரிந்த மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை, அவர்களும் மரத்தின் மேல்தான் இருப்பார்கள். சரி, விதி வந்தாலும் அவசரத்துக்கு ஒரு சலுகை கிடைக்குமா என்று ஆழம் பார்க்கப் பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்து படுத்திருக்க, அவர் கையில் ஊசியோடு என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொன்னதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன், தலைவரே கேட்டாலும் கிடையாதுன்னு. என்னைச் சோதிக்கத்தானே கேக்கறீங்க?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். படுத்திருந்தவர் வாயை மூட முடியாமலே எனக்குக் கும்பிடு போட்டார்.

நானே ஏணியைச் சாய்த்து ஏறவும் பார்த்தேன். இரண்டாவது படியிலேயே உன் அக்கா கீழிருந்து, "இறங்குங்க. ஒண்ணு கிளை விழட்டும், இல்ல நீங்க விழுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல என்னால பாக்க முடியாது" என்றாள். இறங்கிவிட்டேன்.

பிள்ளையைக் கீழே படுக்க வைக்கலாமே என்று நீ கேட்பாய். கீழே எங்கே இடம்? நடுவிழாவுக்கு வந்த செடிகள் அத்தனையும் நம் கூடத்தில்தான் இருக்கின்றன. வெயிலில் வைத்தால் வாடும் என்று நான்தான் உள்ளே வைக்கச் சொன்னேன். இப்போது கூடத்திலும் படுக்கையறையிலும் காடு, சமையலறைக்குப் போக ஓர் ஒற்றையடிப் பாதை. ஏணியிலிருந்து இறக்கியதைத் தவிர உன் அக்கா மூன்று நாளாக என்னோடு நேராகப் பேசுவதில்லை, செடிகளைப் பார்த்துத்தான் பேசுகிறாள். இன்று மத்தியானம் ஒரு புங்கங்கன்றிடம், "ஊருக்கெல்லாம் சட்டம் போட்டாரு. பேத்தி தலைக்கு மேல என்னத்தப் போட்டு வச்சிருக்காருன்னு கேளு" என்றாள். நான் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காற்று அடிக்கும்போது மட்டும் சண்டையை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகக் கூரையைப் பார்க்கிறோம். மேலே ஒரு முனகல் வரும். நிற்கும். பிறகுதான் அவரவர் மூச்சு.

போதாக்குறைக்குத் திட்டத்து அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா நகரத்தைப் பார்வையிட வியாழக்கிழமை வருகிறார். மொட்டைத் தெருவையும், நடுவில் உடையக் காத்திருக்கும் கிளையையும், அதன் கீழே தலைவரின் பேத்தியையும் ஒருங்கே பார்ப்பார். நாற்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகியவன், அவர் ஒரு கேள்வி கேட்டால் எங்கே போய் ஒளிவேன்?

ஆகவே, தம்பி, உன்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். வெள்ளிக்கிழமை திட்டம் தோற்க வேண்டும். தோற்றால் விதி இல்லை, சனிக்கிழமை உச்சாணி ஏறுவான், அதுவரைக்கும் பிள்ளையை எப்படியாவது செடிகளுக்கு நடுவில் வைத்துக் காப்பாற்றிவிடுகிறேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும், சிரிக்கட்டும். கிளை அந்தக் குழந்தை மேல் விழுந்தால் அப்புறம் எனக்கு எந்த மரத்தையும் ஏறெடுத்துப் பார்க்க முகம் இருக்காது. இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதே.

உன் மனைவிக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல். பெரியவன் கணக்கில் கவனமாக இருக்கட்டும், சின்னவள் நகம் கடிப்பதை நிறுத்தட்டும். உன் பதவி நீடிக்க, உடம்பு தேற, வெள்ளிக்கிழமை உன் கை கீழேயே இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரர்,
மரக்குழுத் தலைவர் (வெள்ளிக்கிழமை வரை)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் மணி அடித்தது. வியாழக்கிழமை வர வேண்டிய அந்த அம்மா இன்றே வந்து நின்றார். உள்ளே வரவில்லை, கிளையைத்தான் அண்ணாந்து பார்த்தார். "இதை ஏன் இன்னும் எடுக்கல?" என்றார். ஏற ஆள் சனிக்கிழமைதான் கிடைப்பான், அதற்குள் விதி வந்துவிடும் என்றேன். விதியை வாங்கிப் படித்தார், இரண்டு முறை படித்தார். "ஆபத்தான கிளையை உடனே எடுக்கணும்னுதான் எங்க கையேட்டுல இருக்கு. பட்டுப்போனதையும் உடைஞ்சதையும் வெட்டி எடுக்கிறதும் பராமரிப்புதான். இந்த விதியோட அனுப்பினா நாங்க உங்க நகரத்தைச் சேர்த்துக்கவே மாட்டோம்" என்றார். கையேட்டில் படம் போட்ட பக்கங்களோடு நான் நிறுத்தியிருந்தேன். அவரே பேசி, பயிற்சி பெற்ற ஆட்களை நாளைக் காலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். பிள்ளை வரும்போது கூரைக்கு மேல் வானம்தான் இருக்கும். ஆகவே, மேலே சொன்னதற்கு நேர்மாறாக, வெள்ளிக்கிழமை திருத்திய விதியோடு நீ அவசியம் கை தூக்க வேண்டும், முடிந்தால் இரண்டு கையும்.

இன்னொரு சின்ன விஷயம். போகும்போது அவர், "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் உன் அக்கா, "என் தம்பி. மன்றத்துல இருக்கான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், எதையும் முழுசாப் படிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் எனக்காகப் பேசிய முதல் பேச்சு அது, மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா நாளைப் பதினோரு மணிக்கு உன் அலுவலகத்துக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அதற்குள் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிடு. விதியை எழுதியவன் என்ற முறையில் அதனால் என்னவெல்லாம் நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?