முந்நூற்று அறுபத்து மூன்றாவது சொல்

ஆங்கில இலக்கியத்தை அழிவிலிருந்து காப்பாற்றியவர்கள் யார் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், லண்டனைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் தேசத்தில், பானாய் தீவில், சாந்தா புளோரா கல்லூரியின் இரண்டாம் மாடிக்குப் போனால் போதும். மாடிப்படியில் ஒரு பலகை தொங்கும்: 'ஆங்கிலத் துறை. சத்தம் போடாதீர்கள். இலக்கியம் நடக்கிறது.'

துறைத் தலைவர் டாக்டர் கொன்சோலசியோன். மாணவிகளுக்குச் சோலிங் மேம். பதினேழு ஆண்டுகள் உழைத்து அவர் தொகுத்ததுதான் 'இலக்கிய மாணவர்க்கு அத்தியாவசியச் சொற்கள்' என்ற நூல். உவமை, உருவகம், படிமம், முரண் என்று தொடங்கி, மொத்தம் முந்நூற்று அறுபத்திரண்டு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் வரையறை, உட்பிரிவு, விதிவிலக்கு.

நூல் வெளிவந்த பிறகு ஓர் உண்மை தெரிய வந்தது. நாவல்களும் நாடகங்களும் மாணவிகளின் நேரத்தை ஏராளமாகத் தின்றுகொண்டிருந்தன. ஒரு நாவலைப் படித்து முடிக்கும் நேரத்தில் நாற்பது சொற்களை மனப்பாடம் செய்யலாம். துறை கூடியது, விவாதித்தது, இலக்கியம் படிப்பதற்கு இலக்கியமே தடையாக இருப்பதாக ஒருமனதாகத் தீர்மானித்தது. நூலகத்து நாவல்கள் பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டு 'பாதுகாக்கப்பட்டன'.

எடுத்துக்காட்டுக்கு வேண்டுமே என்று ஒரே ஒரு கவிதையை மட்டும் பாடத்தில் விட்டுவைத்தார்கள். பன்னிரண்டு வரி. கத்தோலிக்க ஆயர் ஒருவரின் தொப்பி ஆற்றில் விழுகிறது. அதில் ஒரு வாத்து முட்டையிட்டு அடைகாக்கிறது. ஆயர் வெறுந்தலையோடு கரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார். அவ்வளவுதான். இதில் நாற்பத்தொரு அத்தியாவசியச் சொற்கள் பொதிந்துள்ளன.

"மேம், இந்தக் கவிதையில என்னதான் நடக்குது?" என்று முதலாண்டில் டெல்ஃபினா எழுந்து கேட்டாள்.

"நடக்குறதா? கவிதையில எதுவும் நடக்காது, பிள்ளே. கவிதையில 'அமைஞ்சிருக்கும்'. என்னென்ன அமைஞ்சிருக்குன்னு சொல்லு."

டெல்ஃபினாவுக்கு வாத்துதான் தெரிந்தது. உட்காரச் சொன்னார்கள். மூன்றாண்டுகளுக்கு மேல் அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

இப்போது கடைசி ஆண்டு. சோலிங் மேமிடம் எல்லா மாணவிகளின் அட்டைகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் பெயரும் சின்னப் புகைப்படமும். வகுப்பு தொடங்கியதும் சீட்டுக்கட்டுபோல அவற்றைக் கலைப்பார். அந்தச் சரசரப்புக்கு வகுப்பே சிலுவை போட்டுக்கொள்ளும். ஓர் அட்டையை உருவுவார். பெயர் வந்தவள் எழுந்து, கேட்ட சொல்லுக்கு வரையறை சொல்ல வேண்டும். ஓராண்டில் மூன்று முறை விழித்தால் அந்த ஆண்டையே திரும்பப் படிக்க வேண்டும். டெல்ஃபினா இரண்டு முறை விழித்தாயிற்று.

வீட்டில் அவள் அப்பா, மகளின் பட்டமளிப்பு விருந்துக்காக ஒரு பன்றி வளர்த்துவந்தார். அதற்குப் 'பட்டதாரி' என்று பெயரும் வைத்திருந்தார்.

"பட்டதாரிக்குத் தவிடு வெச்சியாம்மா?" என்பார் தினமும் காலையில்.

"வெச்சேன்ப்பா."

"நல்லாத் தின்னுதா?"

"என்னைவிட நல்லாப் படிக்குதுப்பா."

மார்ச் மாதத்தில் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. படிக்கட்டெல்லாம் பதாகை, வாசலில் வாழைமர உயரத்துக்கு 'முரண்' என்ற சொல், அதன் பக்கத்தில் 'நல்வரவு'. குழுவின் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்தியாக வேண்டும். அதற்கு மூன்று வாரம் ஒத்திகை நடந்தது.

"நான் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும்," என்றார் சோலிங் மேம். "பதில் தெரிஞ்சவ வலது கை. தெரியாதவ இடது கை. நான் வலது கையை மட்டுந்தான் கூப்பிடுவேன். புரிஞ்சவங்க கை தூக்குங்க."

வகுப்பு முழுவதும் கை தூக்கியது. பாதிப் பேர் இடது கை.

டெல்ஃபினாவின் பக்கத்தில் உட்காரும் ரோவேனா கிசுகிசுத்தாள்: "அடியே, நீ பேசாம இடது கையை மேசையில கட்டி வெச்சுக்கிட்டு வா. பழக்கதோஷத்துல அதுதான் எந்திரிக்குது."

"வலதைத் தூக்கினா என்னைக் கூப்பிட்டுருவாங்களே!"

"அப்ப ரெண்டையும் தூக்கு. சரணடைஞ்சுட்டேன்னு விட்டுருவாங்க."

குழு வந்தது. மூன்று பேர். மல்லிகை மாலை, பன்சித் நூடுல்ஸ், சுடச்சுடப் பிபிங்கா என்னும் அரிசி அப்பம். வயிறு நிறைந்த நிலையில் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்தார்கள். சோலிங் மேம் முதல் கேள்வியைக் கேட்டார். நாற்பது கைகள் எழுந்தன. குழுத் தலைவர் டாக்டர் எலியுதேரியோ, கையில் மிச்சமிருந்த பிபிங்காவோடு எழுந்து முன்னால் வந்தார்.

"அருமை! எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்ப யாரைக் கூப்பிட்டா என்ன? அந்த அட்டையைக் கொடுங்க, நானே எடுக்குறேன்."

சோலிங் மேமின் முகத்தில் பவுடர் மட்டும் மிஞ்சியது. அட்டைகள் சரசரத்தன.

"டெல்ஃபினா!"

இடது கை ஒன்று மெல்ல இறங்கியது.

"போச்சுடி, உங்க பன்றி தப்பிச்சுது," என்றாள் ரோவேனா.

ஆனால் டாக்டர் எலியுதேரியோ எந்தச் சொல்லையும் கேட்கவில்லை. "உங்க பாடத்துல இருக்குற அந்த ஒரே கவிதையை வாசிம்மா, கேட்போம்," என்றார்.

வகுப்பு திடுக்கிட்டது. அந்தக் கவிதையை யாரும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்ததே இல்லை. அடிக்கோடிட்ட இடங்களை மட்டும் தொட்டுத் தொட்டுப் போவதுதான் துறையின் மரபு. டெல்ஃபினா தொடங்கினாள். தொப்பி விழுந்தது. வாத்து ஏறியது. எட்டாம் வரியில் ஆயர் மிகுந்த மரியாதையோடு கேட்கிறார்: இன்னும் எத்தனை நாள் ஆகும், அம்மணி? வாத்து சொல்கிறது: இருபத்தெட்டு, வணக்கத்துக்குரிய ஆயரே.

டெல்ஃபினா நின்றாள். உதட்டைக் கடித்தாள். பயனில்லை. வெடித்துச் சிரித்தாள்.

"ஏம்மா சிரிக்கிற?"

"மன்னிச்சுக்கோங்க சார்... இருபத்தெட்டு நாள் எங்க தெருவுல தாங்காது சார். பதினெட்டாம் நாளே முட்டைக்கார குலாஸ் மாமா வந்து, முட்டையைக் குஞ்சோட அவிச்சு, உப்பும் வினிகரும் தொட்டுக்க வெச்சு, 'பாலுத், பாலுத்'னு கூவி வித்துருவாரு. ஆயர் தொப்பியிலயே வெச்சு வித்துருவாரு சார்!"

ரோவேனா முதலில் சிரித்தாள். பிறகு வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டது. மூன்றாண்டாக அந்த வாத்தைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தவர்கள், அது பேசுகிறது என்பதை அன்றுதான் கவனித்தார்கள். டாக்டர் எலியுதேரியோ சிரித்த சிரிப்பில் மாலை அறுந்து மல்லிகை உருண்டது. பிபிங்கா தரையில் விழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சோலிங் மேமிடம் திரும்பினார். "இதுக்கு உங்க துறையில என்ன பேரு?"

எதற்கும் பெயர் இல்லை என்று சோலிங் மேம் வாழ்நாளில் சொன்னதில்லை.

"'டெல்ஃபினா விளைவு', சார். நாலு வருஷமா ஆராய்ச்சி நடக்குது."

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. மறுநாள் காலையே நூலில் ஒரு பக்கம் ஒட்டப்பட்டது. எண் முந்நூற்று அறுபத்து மூன்று. டெல்ஃபினா தன் பெயரை அச்சில் பார்த்தாள். அப்பா அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பன்றிப்பட்டியின் கதவில் ஒட்டினார்.

கடைசிச் சொல் தேர்வு. அட்டைகள் சரசரத்தன. "டெல்ஃபினா. எண் முந்நூற்று அறுபத்து மூன்று."

"சுஸ்மரியோசெப், ஏசுவே! உன் பேர்லயே கேள்விடி! ஊதித் தள்ளு!" என்று ரோவேனா அவளை இடித்து எழுப்பினாள்.

"டெல்ஃபினா விளைவு. வரையறு," என்றார் சோலிங் மேம்.

"சிரிப்பு வந்துது மேம். சிரிச்சேன்."

"தப்பு. 'பனுவலின் தூண்டுதலால் வாசகரின் வாய்வழி வெளிப்படும், நான்கு வினாடிக்குக் குறையாத, தன்னிச்சையான ஒலித்தொடர்.' போகட்டும். செய்முறையில தேறினாலும் போதும், விட்டுடுறேன். எட்டாம் வரியை வாசி. தன்னிச்சையா சிரி." கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "ம், ஆரம்பி."

டெல்ஃபினா வாசித்தாள். வாத்தை நினைத்தாள். ஆயரை நினைத்தாள். குலாஸ் மாமாவைக்கூட நினைத்துப் பார்த்தாள். "ஹ... ஹ..."

"ரெண்டு வினாடி. அதுவும் மூக்குவழி."

"மேம், அது என்னோட சிரிப்பு மேம்!"

"இருந்தது. இப்ப துறையோடது." அட்டையில் மூன்றாவது சிவப்புக் கோடு விழுந்தது. "பேரு ஒண்ணா இருக்குன்னு சலுகை கொடுத்தா துறையோட நேர்மை என்ன ஆகுறது?"

வீட்டுக்கு வந்தபோது அப்பா கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"என் பேர்லயே ஃபெயில்ப்பா."

அப்பா கத்தியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார். பட்டதாரி முன்னங்கால்களைக் கதவின் மேல் தூக்கி வைத்து, முந்நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தை மூலையிலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. வரையறை ஏற்கெனவே போயிருந்தது. விதிவிலக்கில் வாய் வைத்திருந்தது.

டெல்ஃபினா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எத்தனை வினாடி என்று எண்ண அங்கே யாரும் இல்லை. "தின்னட்டும், அடுத்த வருஷத்துக்கு உடம்பு ஏறட்டும்," என்று அப்பா கத்தியைக் கூரையில் செருகினார்.

அந்த ஆண்டு விழாவில் துறையின் நாற்பதாண்டுச் சாதனைகளைச் சோலிங் மேம் ஒரு மணி நேரம் பட்டியலிட்டார். ஒன்றை மட்டும் அடக்கம் கருதி விட்டுவிட்டார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ துறையின் கைக்கு வந்தன: நாவல்கள் வந்தன, கவிதை வந்தது, கடைசியில் ஒரு சிரிப்பும் வந்தது. ஆனால் துறையால் உயிர் பிழைத்தது அந்தப் பன்றி மட்டும்தான்.