முடி ஆரம்பிக்கும் இடம் வரை

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி கன்னியம்மா, மகள் சுகுணா. என் தலைமுடியையும் மீசையையும் கணக்கில் சேர்க்கவில்லை. மகளுக்கு நல்ல இடம் வந்தால் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். இரண்டையும் முந்தின நாளே திருமலையில் கொடுத்துவிட்டேன்.

அன்றைய வேலை, முகத்துக்கு மசாஜ்.

நானாகக் கேட்கவில்லை. மாலையில் கார்வேட்டிநகரத்திலிருந்து சுகுணாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரும் "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள்தான். இந்தப் பையன் போட்டோவைப் பார்த்த பிறகு சுகுணா யாரும் சொல்லாமலே வாசலைக் கழுவினாள். அப்போதே புரிந்துகொண்டேன்.

பையனின் அப்பா போனில் கறாராகப் பேசினார். "மொதல்ல நேர்ல பார்த்துக்கலாம் சார். முறை வச்சிக் கூப்பிடறதெல்லாம் அப்புறம்."

சார்! அந்த ஒரு சொல் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் தரவில்லை.

சுகுணா என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நைனா, கண்ணாடில பார்த்தியா? கீழ ஒரு கலரு, மேல ஒரு கலரு. மீசை இருந்த எடம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது."

உண்மைதான். வெயிலில் கழனி வேலை செய்த முகம். துண்டு கட்டிய இடம் மட்டும் வெளுப்பு.

போனில் ஒரு வீடியோ போட்டுக் கொடுத்தாள். தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள் குழைத்து, புருவத்துக்கு மேலிருந்து முடி ஆரம்பிக்கும் இடம் வரை தேய்க்க வேண்டுமாம்.

நான் எதையும் சொன்னபடி செய்கிறவன். தேய்த்தேன். முடி ஆரம்பிக்கவில்லை.

இன்னும் மேலே போனேன். உச்சந்தலை வந்தது. ஆரம்பிக்கவில்லை.

"கன்னியம்மா, முடி எங்க ஆரம்பிக்குது, பாரு."

"பின்னங்கழுத்து வரிக்கும் காணோம்யா. போய்க்கினே இரு."

முகத்துக்கு ஒரு சிட்டிகை என்றால், இத்தனை பெரிய பரப்புக்கு எவ்வளவு? மனக்கணக்குப் போட்டேன். ஒரு சிட்டிகை எந்த மூலைக்கு? குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள் தூளில் இரண்டு கரண்டி எடுத்து நானே குழைத்தேன். முன்னால் ஆரம்பித்துப் பின்னால் முடித்தேன். ஓர் இடம் விடவில்லை.

கழுவினேன். போகவில்லை. சோப்புப் போட்டேன். பளபளப்பு கூடியது. கடலை மாவு போட்டேன். இன்னும் தெளிவாகத் தெரிந்தது!

சுகுணா வந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இவுங்களும் போய்ச் சொல்லி அனுப்பறோம்னுதான் போவப் போறாங்க நைனா."

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. நான் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டேன்.

கன்னியம்மா கதவைத் தட்டினாள். "யோவ், பொண்ணுக்கு அப்பன் எங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

"ஊருக்குப் போனவன் உள்ளேர்ந்து பேசறான்னு அவுங்களுக்குக் கேக்குது. வெளிய வாய்யா!"

தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். கூடத்தில் பையனும் அவன் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் இருவரும் வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. கறாரான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

குனிந்து கும்பிட்டேன். துண்டு அவிழ்ந்து அவர் காலடியில் விழுந்தது.

பையனின் அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"இன்னாண்ணே இது! மாப்பிள்ளைக்கே இன்னும் நலங்கு வைக்கல. மாமனார் முந்திக்கினீங்களே?"

துண்டை எடுத்துக்கொண்டே சொன்னேன். "வீடியோல... முடி ஆரம்பிக்கிற எடம் வரிக்கும் தேய்க்கச் சொன்னாங்கம்மா. அது ஆரம்பிக்கவே இல்ல."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பையனுக்குப் புரை ஏறியது. உள்ளே சுகுணா சுவரில் முட்டிக்கொள்வது கேட்டது.

பையனின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் தலையை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார். கீழே ஒரு கலர், மேலே ஒரு கலர்!

"நாங்களும் அதே வேண்டுதல்தான். மலையிலேர்ந்து நேரா வரோம். இந்தத் தலையோட எப்படிப் பொண்ணு பார்க்கறதுன்னு வழியெல்லாம் ஒரே கூச்சம். இவன் தொப்பிக்குள்ளயும் இதே கதிதான்" என்று மகனைக் காட்டினார். "உங்களுக்கு எல்லாம் ஒரே கலரா வந்துகீதே. மீதி இருக்குதா, சம்பந்தி?"

சம்பந்தி!

கன்னியம்மா கிண்ணத்தை எடுக்க ஓடினாள். சம்பந்திக்கு நானே தேய்த்துவிட்டேன், புருவத்திலிருந்து பின்னங்கழுத்து வரை.

"நலங்கு வச்ச வீட்டை விட்டுட்டுப் போவக் கூடாது. தேதி பாருங்க" என்றார் சம்பந்தியம்மா.

பையனும் ஆசையாகத் தலையை நீட்டினான். சுகுணா காபித் தட்டோடு வந்து குறுக்கே நின்றாள்.

அன்று எங்கள் கூடத்தில் இருந்த மொட்டைகள் மூன்று. மஞ்சள் ஏறியவை இரண்டு. கல்யாணத்துக்கென்று மிச்சம் வைத்திருப்பது ஒன்று.