ஒன்ராறியோவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நான்

முத்திரை கையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மோர்னிங்சைட்டில் குடிவரவுப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகமொன்றில் வேலை செய்தபோது சத்தியம் வாங்கிப் பத்திரங்களை உறுதிப்படுத்தும் நொத்தாரிசு நியமனம் எனக்குக் கிடைத்தது. தாளில் எழுத்துகள் புடைத்து நிற்கும்படி அழுத்தும் இரும்பு முத்திரையும் வந்தது. அதிலிருந்த என் பெயரை நூறு முறை வாசித்திருப்பேன். பெயருக்குக் கீழே இருந்த சொல்லை வாசிக்கவில்லை. (வாசித்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.)

அந்த மாரியில் மொன்றியலில் ஒரு கலியாணம். பட்டுச்சேலையோடு முத்திரையும் பெட்டிக்குள் போனது. காரணம், அங்கே இருந்த பெரியம்மாவின் மகள் மலர் அக்கா. அவள் கணவர் நான்கு வருடமாகக் கொழும்பில். அவரைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தில் ஒரு பத்திரம் அவரைக் கந்தையா சிவபாலன் என்றது, இன்னொன்று சிவபாலன் கந்தையா என்றது. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதை வைத்து ஒரு மனிதனை இரண்டாக்க இந்த நாட்டு அலுவலகங்களால்தான் முடியும். இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியைத் திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம்.

"வீட்டிலையே நொத்தாரிசு இருக்கேக்கை வேறை ஆக்களிட்டை ஏன் போவான்?" என்று அக்கா ஞாயிற்றுக்கிழமைக் கலியாணம் வரை எனக்காகக் காத்திருந்தாள்.

தாலி கட்டி முடிந்ததும், சாப்பாட்டு மேசையில், சபை பார்க்க அக்காவின் கடதாசியில் முத்திரையை அழுத்தினேன். பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த கோர்ட் மொழிபெயர்ப்பாளர் அங்கிள் தாளைத் தடவிப் பார்த்தார்.

"பிள்ளை, உதிலை ஒன்ராறியோ எண்டெல்லோ கிடக்கு. இது கியூபெக். இஞ்சை உது செல்லாது."

"ரெண்டும் கனடாதானே அங்கிள்?"

"நாடு ஒண்டுதான். சட்டம் வேறை."

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஒரே ராணி, ஒரே காசு, ஒரே பனி. என் முத்திரைக்கு மட்டும் எல்லையா? யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகள் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு நொத்தாரிசுக்கே வேலி போட்டதை அங்கேகூடக் கேள்விப்பட்டதில்லை.

"ஏறுங்கோ அக்கா, ஒன்ராறியோவுக்குப் போவம்" என்றேன்.

பட்டுச்சேலையும் பனிச்சப்பாத்துமாக ஒரு மணி நேரம் கார் ஓட்டினேன். எல்லைப் பலகை தாண்டி வந்த முதல் பெற்றோல் நிலையத்தில், அக்காவிடமிருந்த இரண்டாவது பிரதியைக் கார் பொனற்றில் விரித்தோம். குளிரில் பேனை எழுத மறுத்தது. ஊதி ஊதிக் கையெழுத்து வைத்தோம். கடைக்காரர் வெளியே வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். "இவவின் கணவர் ஒரே ஆள்தான் என்று உறுதிப்படுத்துகிறோம்" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். மனிதர் உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை அக்கா கொடுத்த கடதாசி மூன்றாவது வாரம் திரும்பி வந்தது, கோப்பையும் மூடிவிட்டார்கள். தட்டச்சு செய்த கடைசி வரியில் 'சத்தியம் செய்த இடம்: மொன்றியல்' என்று அப்படியே கிடந்தது. நாங்கள் எல்லை கடந்தோம், தாள் கடக்கவில்லை. அதைத் திருத்தாமல் முத்திரை குத்தியவள் நான். அக்கா ஏசவில்லை, தொலைபேசியில் அழுதாள். ஏசியிருந்தால் பரவாயில்லை.

கோப்பைத் திரும்பத் திறப்பிக்க எட்டு மாதம் எடுத்தது. அத்தான் வந்து சேர்ந்தார். இப்போது அவர்கள் ஒன்ராறியோவில், விட்பியில். எந்த விருந்திலும் அத்தான் இரண்டு வடைக்குக் கை நீட்டுவார்.

"ஒண்டு கந்தையா சிவபாலனுக்கு, மற்றது சிவபாலன் கந்தையாவுக்கு. சந்தேகமெண்டால் எங்கடை மச்சாளைக் கேளுங்கோ, அவ நொத்தாரிசு."

எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எட்டு மாதத்தை நினைத்து இரண்டாவது வடையையும் வைப்பேன்.